வெளுத்த பிரஷ், சிவந்த கன்னம்

சாமியப்பன் வீட்டுக் கூடத்தில், பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. நேற்றைய நிச்சயத்தில் தாராபுரத்து மாப்பிள்ளை வீட்டார் வைத்துக் கொடுத்த புடவை. இன்று மதியம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவதற்கும் அவர்களே வருகிறார்கள்.

“அதை எடுத்துட்டு அவங்க வாசப்படி தாண்டிட்டாங்கன்னா, அப்புறம் என்ற பொண்ணை எவனுங்க கட்டுவான்?” என்றார் சாமியப்பன். முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். வெளிநாட்டு வியாபாரிகள் வந்தாலும் வேட்டியிலேயே நின்று கைகுலுக்குகிறவர். அந்த வேட்டியை இன்று கட்டத் தெரியாமல் கட்டியிருந்தார்.

தண்டாயுதபாணி நாற்காலியின் சாய்வில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, திருப்பூரில் ஜிப்பும் பட்டனும் விற்கிற கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். வேலைதான் ஓய்வு பெற்றது. சட்டையின் கஞ்சி இன்னும் பணியில் இருந்தது.

“முதலிலிருந்து சொல்லுங்கள்.”

“நேத்துக் காலையில நிச்சயமுங்க. கவிப்பிரியாவுக்கு அலங்காரம் பண்ண வினிதான்னு ஒரு பொண்ணு வந்தா. தாராபுரம் ரோட்டுல பார்லர் வெச்சிருக்கறவ. மேக்கப்பெல்லாம் முடிச்சு, பொண்ணைக் கொண்டாந்து மேடையில உட்கார வெச்சோமுங்க. மாலை மாத்தி முடிக்கறதுக்குள்ள மூஞ்சியே மாறிப் போச்சு. ரெண்டு கன்னமும் சிவந்து வீங்கி...”

“மாப்பிள்ளை வீட்டில் என்ன சொன்னார்கள்?”

“மாப்பிள்ளைப் பையனோட அம்மா நல்லம்மாள் இருக்காங்களே, ஒறம்பரை சொந்தபந்தம் அத்தனை பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னு, பொண்ணுக்குத் தோல் வியாதி, மறைச்சுக் கட்டி வெக்கப் பார்த்தீங்கன்னு சொல்லிப்போட்டாங்க. டாக்டர் வந்து, ஏதோ ஒத்துக்கலைன்னு ஊசி போட்டாரு. அதையும் அந்தம்மா நம்பலைங்க. டாக்டரு நாம சொல்லிக் கொடுத்ததைச் சொல்றாராம்!”

“உங்கள் சந்தேகம் யார் மேல்?”

“வேற யாரு? அந்த பார்லர்காரிதான். தொழில்ல போட்டிக்காரன் எவனோ அவளைக் கையில போட்டுக்கிட்டிருக்கோணும்.”

“போட்டிக்காரன் ஆர்டரைக் கெடுப்பானுங்க. கன்னத்தைக் கெடுத்து அவனுக்கு என்ன லாபம்?” என்றாள் சித்ரகலா. தண்டாயுதபாணியின் உதவியாளர். முன்பு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். அங்கே துணியில் குறை கண்டாள், இங்கே மனிதர்களிடம் காண்கிறாள். மேஜையில் இருந்த முறுக்கிலும் ஏற்கெனவே ஒரு குறை கண்டு, ஆனாலும் தின்றுகொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்தார். தும்பைப்பூ போல வெளுத்த வெள்ளைச் சேலை. சாமியப்பனின் அக்கா பூவாத்தாள். கம்பெனியின் செக்கிங் பிரிவு அவர் ஆட்சியில் இருந்தது. இந்த வீடும்தான்.

“உங்களைக் கூப்பிடச் சொன்னதே நான்தானுங்க,” என்றார். “எங்க பரம்பரையில ஒருத்தருக்கு ஒரு தேமல் கிடையாது. ஊரு மூஞ்சியெல்லாம் தடவுன பிரஷ்ஷு, அழுக்கு சேராம இருக்குமா? அந்த அழுக்குதானுங்க வேலை காட்டியிருக்குது. கண்டுபிடிச்சு எல்லார் முன்னாலயும் நிறுத்துங்க. எனக்கு ஷிப்மென்ட் இருக்குது.”

பதிலுக்குக் காத்திராமல் போய் காரில் ஏறினார்.

சித்ரகலா கவிப்பிரியாவின் அறைக்குள் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பி வந்து, தண்டாயுதபாணியின் காதருகே குனிந்தாள்.

“பிரஷ்ஷு பட்டப்பவே கன்னம் எரிஞ்சுதாம் சார். நல்ல காரியத்துல சிணுங்கினா அத்தை திட்டுமேன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்திருக்குது. டாக்டரைத் தவிர யாருகிட்டயும் சொல்லலையாம்.”

“நீயும் சொல்லாதே.”

போட்டோக்காரர் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்த நிச்சயதார்த்தப் படங்கள் மேஜையில் கிடந்தன. தண்டாயுதபாணி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டிலும் பெண் இல்லை. சம்பந்தியம்மா நல்லம்மாள் இருந்தார்.

வெளியே வந்ததும் சித்ரகலா கேட்டாள். “பொண்ணு மூஞ்சி வீங்கினதுக்கு மாமியார் போட்டோ எதுக்குங்க சார்?”

“அழகாக இருக்கிறார்.”

“பொய்க்குக்கூடக் கஞ்சி போட்டுட்டீங்க.”

*

வினிதாவின் பார்லரில் கண்ணாடியைச் சுற்றியிருந்த விளக்குகள் எரியவில்லை. போனை வைத்துவிட்டுத்தான் அவர்களைப் பார்த்தாள். வரும் முகூர்த்தத்துக்கு ஏற்பாடு செய்திருந்த இன்னொரு வீட்டாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“அழுக்குன்னு நீங்களும் சொல்லத்தானே வந்திருக்கீங்க? சொல்லுங்க. ஆனா பார்த்துட்டுச் சொல்லுங்க.”

அலமாரியிலிருந்து வேறொரு பிரஷ்ஷை எடுத்தாள். குழாயைத் திறந்து, முடியைக் கீழ்நோக்கிப் பிடித்து நனைத்தாள். உள்ளங்கையில் குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பூவை ஒரு சொட்டு விட்டு, அதில் பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றினாள். சாயம் கரைந்து வந்தது. நுரை நிற்கிற வரை அலசினாள். முடி சேர்ந்து நிற்கிற உலோக வளையத்துக்கு மேலே தண்ணீர் ஏறவிடவில்லை.

“இந்தப் பட்டைக்குள்ள தண்ணி போனா பசை இளகிடுமுங்க. முடி கொட்டும். அதனால நிமிர்த்தி வெக்கவே மாட்டேன்.” துண்டில் ஒற்றி, விரலால் முடியைக் குவித்து, மேஜை விளிம்பில் படுக்க வைத்தாள். முடி மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “இப்படியே ஃபேன் காத்துல காயோணும். வெயில்லயும் வெக்கக் கூடாது. ஒவ்வொரு பொண்ணுக்கு அப்புறமும் இதைப் பண்றேன்.”

“என்ற தலைக்கே இவ்வளவு மரியாதை நான் பண்ணினதில்லீங்க,” என்றாள் சித்ரகலா.

“நேற்று அங்கே பயன்படுத்திய பிரஷ்ஷையும் இப்படித்தான் கழுவினாயா?” என்றார் தண்டாயுதபாணி.

“ஆமாங்க. முந்தின நாள் சாயந்தரமே கொண்டுபோய் அவங்க ஊட்டுலயே வெச்சுட்டு வந்தேன். விடியறதுக்கு முன்னாடி வேலை ஆரம்பிக்கோணும், எதுக்குத் தூக்கிட்டு அலையறேன்னு பூவாத்தாள் அம்மாதான் சொன்னாங்க.” தயங்கினாள். “காலையில எடுத்தப்போ ஈரமா இருந்துச்சுங்க. ஏசி குளிர்ச்சின்னு நெனைச்சேன். நான் நிறுத்தியிருக்கோணும். அந்தம்மா கதவுகிட்டயே நின்னுக்கிட்டு, நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுதுன்னு...”

“அந்த பிரஷ்கள் எங்கே?”

மூலையில் சுருட்டிக் கட்டிய பையைக் காட்டினாள். நேற்று வந்து போட்டதோடு சரி. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாள்.

தண்டாயுதபாணி கட்டை அவிழ்த்து விரித்தார். பிரஷ்கள் குட்டையிலிருந்து நெட்டை வரை பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாக நின்றன.

“நீ இப்படித்தான் அடுக்குவாயா?”

“இல்லீங்களே!” வினிதா நெருங்கி வந்தாள். “எது முதல்ல வேணுமோ அந்த வரிசையில வெப்பேன். நேத்து அந்த அவசரத்துல எடுத்த இடத்துலயே சொருகினேன், கவனிக்கலை. யாரு இப்படி...?”

“ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ்,” என்று விரலால் தொட்டுக்கொண்டே போனாள் சித்ரகலா. “எங்க ஊருக்காரங்க எதையும் இப்படித்தானுங்க அடுக்குவாங்க. சொந்தப் பிள்ளைகளைக்கூட.”

தண்டாயுதபாணி பெரிய பவுடர் பிரஷ்ஷைத் தூக்கினார். கைப்பிடி கையோடு வந்தது. முடி பையிலேயே தங்கிவிட்டது. கன்னத்துக்குச் சிவப்பு தடவுகிற பிரஷ்ஷை எடுத்தார். அது பழுப்பு முடி, நேற்று ஈரத்தில் நிறம் தெரியவில்லை என்று வினிதா சொன்னாள். இப்போது அது தாத்தா மீசையின் நிறத்தில், ஈர்க்குமாறுபோல விறைத்து நின்றது.

கைப்பிடியின் அடியில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. நகத்தளவு ஸ்டிக்கர். அம்பு வடிவம். அதன் முனை முடியைக் காட்டியது.

“கல்யாண ஊட்டுல கெடந்ததால காமன் விட்ட அம்புன்னு நெனைச்சுடாதீங்க சார்,” என்றாள் சித்ரகலா. குரலில் கேலி பாதிதான் இருந்தது. “இது செக்கிங் அம்பு. துணியில கறை எங்க இருக்குதோ அங்க இதை ஒட்டி, கழுவப் போடுவோம். நானே எத்தனை ஒட்டியிருக்கேன்!”

வெளியே வண்டி எடுக்கும்போது அவளே சொன்னாள். “இந்த வழக்குல செக்கிங் டேபிள் பக்கம் போறவங்க ஒரே ஒருத்தருதான் சார். அவங்கதான் நம்மளைக் கூப்பிட்டது.”

“அவருக்குத் தான் செய்தது தெரியும். அதுதான் குற்றம் என்று தெரியாது,” என்றார் தண்டாயுதபாணி. “அந்த மாதிரி ஆளிடம் கேள்வி கேட்டுப் பயன் இல்லை. நீ அந்தப் பெண்ணிடம் கழுவாத பிரஷ் ஒன்று வாங்கி வா.”

*

முதலிபாளையத்துக் கம்பெனியில் செக்கிங் பிரிவு வெளிச்சமாக இருந்தது. நீளமான மேஜைகளில் வெள்ளையும் நீலமுமாக டீ-ஷர்ட்டுகள் குவிந்திருந்தன. பெண்கள் ஒவ்வொன்றையும் விரித்து, திருப்பி, குறை தேடினார்கள். எல்லோருடைய இடது புறங்கையிலும் சிவப்பு அம்புகள் வரிசையாக ஒட்டியிருந்தன, எடுக்க வசதியாக. பூவாத்தாளின் புறங்கையில் வரிசை மற்றவர்களுடையதைவிட நேராக இருந்தது.

“என்னம்மிணி இது, ரெண்டும் ஒரே நீலமா?” என்று ஒருத்தியை அதட்டிக்கொண்டிருந்தார். “ஷேடு மேட்ச் ஆகாத துணியை ஒண்ணாத் தெச்சு அனுப்பினா அவன் நம்ம மூஞ்சியிலயே எறிவான்.” பிறகு இவர்களைப் பார்த்தார். “வாங்க. கண்டுபிடிச்சாச்சுங்களா?”

“கிட்டத்தட்ட. உங்கள் வேலையைக் கெடுக்க வேண்டாம், பார்த்துக்கொண்டே பேசுங்கள்.”

“என்ற காலத்துல இந்த மேஜையைத் தாண்டிக் குத்தமுள்ள பீஸ் ஒண்ணு வெளிய போனதில்லீங்க. நாம அனுப்பறது துணி இல்லை, நம்ம பேரு. அப்படித்தான் இதுகளுக்குச் சொல்லுவேன்...”

பேசிக்கொண்டே கைகள் துணியை விரித்தன. சித்ரகலா ஓசைப்படாமல் ஒரு சட்டையின் மேல் வினிதாவிடம் வாங்கிய கழுவாத பிரஷ்ஷை வைத்தாள். முடியில் சிவப்புச் சாயம் அப்பியிருந்தது.

பூவாத்தாளின் வலது கை இடது புறங்கைக்குப் போனது. ஓர் அம்பை உரித்தது. பிரஷ்ஷின் கைப்பிடியில், முடியைக் காட்டுகிற மாதிரி ஒட்டியது.

“இதைக் கழுவப் போடு,” என்று பக்கத்திலிருந்தவளிடம் தள்ளினார்.

தள்ளிய பிறகுதான் பார்த்தார்.

தண்டாயுதபாணி பையிலிருந்து வெளுத்த பிரஷ்ஷை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு அம்புகளும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தன.

“எதில் கழுவினீர்கள்?”

பூவாத்தாள் தலையை நிமிர்த்தினார். “வெள்ளைப் பனியனுக்குப் போடற பிளீச்சுலதானுங்க. என்ற கையாலேயே ஊற வெச்சு, தேச்சு, ரெண்டு தண்ணி அலசினேன். எவ எவ மூஞ்சியிலயோ பொரண்ட பிரஷ்ஷு எங்க புள்ளை மேல படலாமுங்களா? சுத்தம் பண்றது குத்தமா?”

“துணி தாங்கும் அம்மா. முடி தாங்கவில்லை, பாருங்கள். முகம் எப்படித் தாங்கும்?”

பூவாத்தாள் அந்த வெளுத்த பிரஷ்ஷை எடுத்துத் தன் கட்டைவிரலில் தடவினார். ஒரு கொத்து முடி உதிர்ந்து வெள்ளைச் சட்டையின் மேல் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. அந்த மேஜையில் அது இதுவரை நடக்காத காரியம்.

“சாமியப்பனுக்குத் தெரிய வேண்டாமுங்க,” என்றார் மெதுவாக. “தெரிஞ்சா ஊரே சிரிக்கும். அந்தப் பொண்ணுதான் சரியாக் கழுவலைன்னு இருந்துட்டுப் போகட்டும். வேற ஊருல அவளுக்கு ஒரு பார்லர் நானே வெச்சுக் கொடுத்துடறேன்.”

“உங்கள் வீட்டின் பெயர் வெள்ளையாக இருக்க அவள் பெயரில் கறை வைக்கிறீர்கள்,” என்றார் தண்டாயுதபாணி. “மதியம் வீட்டுக்கு வாருங்கள். என்ன சொல்வது என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்ல மாட்டேன்.”

படியிறங்கும்போது சித்ரகலா முனகினாள். “இந்தம்மா உண்மையைச் சொன்னாலும் நல்லம்மாள் நம்புவாங்களா? வியாதியை மூடி மறைக்க அத்தை பழியை ஏத்துக்குதுன்னு சொல்லுவாங்க.”

“அதற்காகத்தான் அழகான போட்டோ வைத்திருக்கிறேன்.”

*

மதியம் சாமியப்பன் வீட்டுக் கூடத்தில் நல்லம்மாள், மாப்பிள்ளையான தன் மகன் முகிலனோடு வந்து உட்கார்ந்தார். வெயிலுக்கு இதம் என்று முகம் முழுக்கச் சந்தனம் பூசியிருந்தார். போதாததற்குச் சேலை முந்தானையை வலது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார். காபியைக்கூட ஒரு கையாலேயே குடித்தார். முகிலன் உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கவிப்பிரியா நின்றாள். கூடத்தின் ஓரத்தில் வினிதா, பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

“பேச்சு வளர்த்த வேண்டாமுங்க,” என்றார் நல்லம்மாள். “புடவையைக் கொடுங்க. எங்க பரம்பரையில வியாதிக்கு இடமில்லை.”

சாமியப்பன் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு தண்டாயுதபாணியைப் பார்த்தார்.

“ஒரே ஒரு நிமிஷம் அம்மா,” என்றார் தண்டாயுதபாணி. “கோளாறு பெண்ணின் தோலிலா, இந்தப் பிரஷ்ஷிலா என்று பார்த்துவிடலாம். வியாதியே இல்லாத தோல் ஒன்று வேண்டும். உங்களைவிட்டால் வேறு யார்? வினிதா, அம்மா கன்னத்தில் ஒரு தரம் தடவு.”

வினிதா வெளுத்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்தாள்.

நல்லம்மாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “கிட்ட வராதே! அது எரியும்!”

வினிதா அங்கேயே நின்றுவிட்டாள்.

“வீங்கியது என்று சொன்னார்கள், சிவந்தது என்று சொன்னார்கள்,” என்றார் தண்டாயுதபாணி. “எரிந்தது என்று அந்தப் பெண் டாக்டரிடமும் என் உதவியாளரிடமும் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். உங்களுக்கு யார் சொன்னது?”

சட்டைப் பையிலிருந்த இரண்டு படங்களையும் மேஜையில் வைத்தார். முதலாவதில், பெண் மேடைக்கு வருகிற நேரத்தில், நல்லம்மாள் முந்தானை தோளில் இருக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். மாலை மாற்றி முடிந்த பிறகு எடுத்த இரண்டாவதில், முந்தானை கன்னத்தில் இருந்தது. சிரிப்பு இல்லை.

“நடுவில் எடுத்த எந்தப் படத்திலும் நீங்கள் இல்லை. அந்த நேரம் பெண்ணின் அறை காலி. வினிதாவின் மேக்கப் சாமானும் பிரஷ்களும் அங்கேதான் இருந்தன.”

நல்லம்மாள் மகனைப் பார்க்காமல் சுவரிடம் சொன்னார். “போட்டோவுல வெளிறிப் போய்த் தெரிவேனேன்னுதானுங்க... ரோஸ் கலரு லேசா... ஒரு பக்கம் தடவறதுக்குள்ளயே எரிஞ்சுது...”

“ஏனுங்கம்மா,” என்றான் முகிலன், “அப்ப நமக்கும் பரம்பரையாவே அந்த வியாதி இருக்குதுங்களா?”

கவிப்பிரியா சிரித்தாள். வீங்கிய கன்னம் வலித்திருக்க வேண்டும்; உடனே கையால் பிடித்துக்கொண்டாள்.

“அப்படின்னா பிரஷ்ஷுதான்!” சாமியப்பன் எழுந்தே விட்டார். “நான் சொன்னேனுங்களா இல்லீங்களா? இந்தப் பொண்ணு அழுக்கு பிரஷ்ஷைக் கொண்டாந்து...”

“ஆமாங்க சம்பந்தி!” நல்லம்மாளுக்கு வழி கிடைத்துவிட்டது. “ரெண்டு குடும்பத்தையும் கெடுத்துப்போட்டாளே! இவளை உடக் கூடாதுங்க!”

நேற்று உடைந்த சம்பந்தம், ஓர் ஏழைப் பெண்ணின் தலையில் வைத்து இப்படிச் சட்டென்று ஒட்டிவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வினிதா தண்டாயுதபாணியைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், சொல்லுங்க சார்,” என்று பல்லைக் கடித்தாள் சித்ரகலா.

“நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.”

“அப்ப நான் சொல்றேன். நான் எந்த வாக்கும்...”

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

பூவாத்தாள் உள்ளே வந்தார். நேராகக் கூடத்தின் நடுவில் நின்றார். அந்த வெள்ளைச் சேலையில் ஒரு சுருக்கம் இல்லை. தம்பியைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். கடைசியில் வினிதாவை, இந்த முறை சற்று நேரம் பார்த்தார்.

இடது புறங்கையிலிருந்து ஓர் அம்பை உரித்து, தன் தோளில், வெள்ளைச் சேலையின் மேல் ஒட்டினார். முனை அவர் முகத்தைக் காட்டியது.

“கறை இங்க இருக்குதுங்க,” என்றார். “அந்தப் பொண்ணு சுத்தமாத்தான் கொண்டாந்து வெச்சா. அவளை நம்பாம, அவளுக்குத் தெரியாம எடுத்து, பனியன் வெளுக்கற பிளீச்சுல போட்டது நான். நல்ல நேரம் போகுதுன்னு அவளை அவசரப்படுத்தினதும் நான்.”

“அக்கா! இத்தனை பேரு முன்னாடி...” சாமியப்பன் தடுமாறினார்.

“இத்தனை பேரு முன்னாடிதானே சாமியப்பா அவளைத் திட்டினே? இந்த ஊட்டுல இருந்து குத்தமுள்ள பீஸ் வெளிய போனதில்லை. இதுவும் போகாது.” வினிதாவிடம் திரும்பினார். “அம்மிணி, கல்யாணம் நடந்தா நீதான் வந்து அலங்காரம் பண்ணோணும். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.”

வினிதா தலையசைத்தாள். “பையை மட்டும் நானே வெச்சுக்கறேனுங்க.”

எல்லோருடைய கண்ணும் நல்லம்மாளிடம் போயிற்று. அவர் எழுந்து தாம்பாளத்தின் அருகே போனார். சாமியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

பித்தளைத் தாம்பாளம். புடவையோடு, தேங்காயோடு, பழத்தோடு கனத்தது. ஏந்த இரண்டு கையும் வேண்டும். முந்தானையைப் பிடிக்கக் கை மிச்சமில்லை.

நல்லம்மாள் தாம்பாளத்தைத் தூக்கினார். முந்தானை நழுவியது. சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடத்தில் வலது கன்னம் செக்கச் செவேல் என்று வீங்கியிருந்தது. அப்படியே, யாரையும் பார்க்காமல், வாசல் பக்கம் திரும்பாமல், உள்ளறைக் கதவுக்கு நடந்து, தாம்பாளத்தைக் கவிப்பிரியாவின் கையில் வைத்தார்.

“எரிச்சலுக்கு என்ன போடறே கண்ணு?” என்று மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

மாமியாரும் மருமகளும் கன்னத்துக்குக் கன்னம் அருகில் நின்றார்கள். சித்ரகலா தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“ஷேடு மேட்ச் ஆயிடுச்சுங்க சார்.”